ஒருவரி அக்காவும் முப்பத்து நான்கு கடிதங்களும்

கல்லூரி ஆவணக் காப்பகத்தில் எல்லோரும் அவரை ஒருவரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தவர் பக்கத்து அறையில் பழைய தாள்களை ஸ்கேன் எடுக்கிறவர். காரணம் எளிது. யாராவது இறந்துபோன பேராசிரியரின் வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கடிதங்கள் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் தூசி தட்டி, மடிப்பை நீவி, முதலிலிருந்து கடைசிவரை படித்து, அதில் என்ன இருக்கிறது என்று ஓர் அட்டையில் ஒரே ஒரு வரி எழுதுவதுதான் அவர் வேலை. நாலு பக்கக் காதலோ, எட்டுப் பக்கச் சண்டையோ, அவர் கையில் ஒரு வரிதான். "உடல்நிலை பற்றி, மருமகனிடம் வருத்தம்." அவ்வளவு.

வீட்டிலும் அப்படித்தான். அவர் கணவர் கடைத்தெருவில் சாவி வெட்டும் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க இரும்புச் சத்தத்துக்கு நடுவில் இருப்பவருக்கு மனைவி அதிகம் பேசாதது வசதியாகவே இருந்தது. "எங்க வீட்ல தந்தி ஆபீஸ் இன்னும் மூடல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரு மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

அக்காவுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. காப்பகத்தில் இருபத்தாறு வருடம் ஓட்டியிருந்தார். கல்லூரியின் பழைய மாணவியர் விடுதிக் கட்டடத்தைத்தான் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். முதல் மாடியில், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த அறை அவருடையது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டிலிருந்து நாலு வரை, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார். படிக்கும்போது அவருக்கு மூன்று பழக்கங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு அவருக்கே தெரியாது. மெல்லிய குரலில் முனகுவார். மெட்டு மேலே ஏறும், பாதியில் நிற்கும், தொண்டையைச் செருமிக்கொள்வார், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல்வலிக்காக ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். ஒவ்வொரு வரி முடியும்போதும் வலது கைப் பெருவிரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

அந்தப் பெட்டி ஒரு மழைக்கால ஆரம்பத்தில் வந்தது. பெரிய பெட்டிகூட இல்லை. செருப்புப் பெட்டி அளவுதான். எழுபது வருடத்துக்கு முன்னால் அதே விடுதியில் காப்பாளராக இருந்த ஒரு பெண், ஊரிலிருந்த தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். மொத்தம் முப்பத்து நான்கு. தங்கையின் மகன், ஓய்வு பெற்ற நில அளவையர், கொடுத்து அனுப்பியிருந்தார்.

முதல் மூன்று நாளும் அக்காவுக்கு நல்ல சிரிப்பு. அந்தக் காப்பாளர் இருபத்தொன்பது வயதுப் பெண். நாற்பது பிள்ளைகளை மேய்ப்பதைப் பற்றி வாய் கொள்ளாமல் எழுதியிருந்தாள். யாரோ ஒருத்தி ஜன்னல் வழியே ஒரு பூனையை உள்ளே கடத்தி, துணிப் பெட்டியில் வைத்து வளர்த்த கதை ஒன்றரைப் பக்கம். நாலாவது கடிதத்தில் தன் அறையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். "மாடியில் எனக்குத் தனி அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது கம்பி மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவள் கோபத்தில் வளைத்தாள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்."

அக்கா எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். மூன்றாவது கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. இருபத்தாறு வருடமாக அந்தக் கம்பியில்தான் அவர் கைத்துண்டைக் காயப்போட்டு வந்தார்.

அது ஒன்றும் பயமாக இல்லை, சொல்லப்போனால் பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு வரி பேசினார். "நான் உக்காந்திருக்கற ரூம்லதான் அந்தப் பொண்ணும் இருந்திருக்கா. அவளும் மதியத்துலதான் எழுதுவாளாம், பிள்ளைங்க கிளாஸுக்குப் போனப்புறம்." கணவர், "வாடகை யார் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒன்பதாவது கடிதத்தின் கடைசியில்தான் அது முதலில் வந்தது. "ஒரு வேடிக்கை கேள். நான் உனக்கு எழுத உட்கார்ந்தால் யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறது. கீழே சமையல்காரி என்று நினைத்தேன். அவள் மதியம் வீட்டுக்குப் போய்விடுகிறாள். மேலே ஏறிக்கொண்டே போகும், நின்றுவிடும், பிறகு ஒரு செருமல். முழுசாகப் பாடினாலாவது கேட்கலாம்."

அக்கா இதைப் படித்துவிட்டு, அட்டையில் "விடுதிச் செய்திகள், வெளியிலிருந்து சத்தம்" என்று எழுதினார். மறுநாள் பத்தாவது கடிதம். "இன்றும் வந்தது. கூடவே கிராம்பு வாசனை. என் அறையில் கிராம்பு கிடையாது."

அவர் கன்னத்தில் அடக்கியிருந்த கிராம்பு நாக்கில் பட்டது. அதை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். பக்கத்து அறைக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறவரிடம் கேட்டார்.

"தம்பி, நான் படிக்கறப்ப பாடுவேனா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, அதுக்குப் பேரு பாட்டா? ஒரே இடத்துல சிக்கிக்கிட்ட ரேடியோ மாதிரி இருக்கும். மேல ஏறும், நிக்கும், 'க்ஹ்ம்'. எட்டு வருஷமா கேக்கறேன். அடுத்த வரி என்னன்னு எனக்கே ஏக்கமாயிடுச்சு."

அக்கா கடிதங்களை அவர் முன்னால் வைத்தார். அவர் படித்தார். சிரிப்பு குறையவில்லை. "எழுபது வருஷத்துக்கு முன்னாடியும் யாருக்காவது பல்வலி இருந்திருக்கும்க்கா. நீங்க ஒருத்தர்தான் செருமுறீங்களா உலகத்துல?"

சரியாகத்தான் பட்டது. அக்கா திரும்பிப் போய் வேலையைப் பார்த்தார். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அந்தப் பேச்சே இல்லை. பரீட்சை, குடிதண்ணீர், ஒரு பெண்ணின் கல்யாணம். அவர் முனகாமல் இருக்கப் பார்த்துக்கொண்டார் என்பதும் உண்மை.

அடுத்த நாள் காலை, அட்டை நறுக்கும் கத்தியில் பெருவிரலைக் கிழித்துக்கொண்டார். ஆழமான கீறல். மருந்து போட்டு, துணிச்சுருளால் தடிமனாகக் கட்டினார்கள். மதியம் அந்தக் கட்டோடேயே பதின்மூன்றாவது கடிதத்தை எடுத்தார். இரண்டாவது பக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது:

"முன்பு உன்னிடம் சொல்லவில்லை. முனகலோடு இன்னொன்றும் உண்டு. நான் எழுதும் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில், என் தோளுக்குப் பின்னால் மேசையில் ஒரு தட்டு விழும். படித்து முடித்தேன் என்று சொல்கிற மாதிரி. இப்போது, இதை எழுதுகிற இந்த நேரம், தட்டு விழுகிறது. ஆனால் இன்று சத்தம் வேறு. விரலில் துணி சுற்றியிருக்கிறது போல மொத்தையாக விழுகிறது."

அக்கா தன் கையைப் பார்த்தார். கட்டுப் போட்ட பெருவிரல் மேசைமேல் இருந்தது. அந்த வரியின் முடிவில் அது தட்டியிருந்தது.

அவர் அலறவெல்லாம் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாலு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கடிதத்தைக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கிறவரிடம் நீட்டினார், விரலையும் காட்டினார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கப்புறம் நான் இதையெல்லாம் போட்டோ எடுக்கணும்க்கா," என்றார் கடைசியில். "ஒவ்வொரு தாளுக்கும் மேல வெளிச்சம் பளிச்சுனு அடிக்கும். அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்?"

பேயைப் பற்றி அக்கா கேள்விப்பட்டதெல்லாம் செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் வருவதுதான். இங்கே செத்துப்போனவள் உயிரோடு, இளமையாக, வெயில் வரும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பது தான் என்று நினைக்கும்போது, அக்காவுக்குத் தன் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்தது. கண்ணாடியில் தலை வாரும்போதுகூட முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பதினாலு, பதினைந்து, பதினாறு. பெண் பயந்துபோயிருந்தாள். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகளின் பெற்றோர் விடுதியைக் காலி செய்துவிடுவார்கள் என்று தங்கைக்கு எழுதினாள். "நாற்பது பேரின் படிப்பு என் வாயில் இருக்கிறது."

பதினேழாவது கடிதம் படிக்கையில் அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. "இப்போதும் நிற்கிறது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. என்ன வேண்டுமாம் இதற்கு?" என்று எழுதியிருந்தாள். எழுத்து நடுங்கிச் சாய்ந்திருந்தது. அக்கா தன்னை மறந்து வாய்விட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க அக்கா. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒன்றரை வரிதான். "அதன் மூச்சு என் காதுக்குப் பக்க" என்பதோடு நின்றிருந்தது. அதன்மேல் மைப்புட்டி கவிழ்ந்த கறை. கையெழுத்து இல்லை.

பதினெட்டாவது கடிதமும் அதே உறையில் இருந்தது. நாலு நாள் தள்ளி எழுதியது. "அது பேசிவிட்டது. பயப்படாதே என்றது. பயப்படாதே என்று பேய் சொன்னால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதைவிட ஒன்று சொல்கிறேன். அந்தக் குரலுக்கு நம் அம்மாவின் வயது இருக்கும். அந்தக் குரல் என்னை அக்கா என்று கூப்பிட்டது. நாலு நாளாக நான் தூங்கவில்லை. ஊருக்கு வருகிறேன்."

அக்கா பெட்டியை மூடினார். மறுநாள் காப்பகப் பொறுப்பாளரிடம் போய், மீதிப் பதினாறையும் தன்னால் படிக்க முடியாது என்றார். பொறுப்பாளர் சுறுசுறுப்பான பெண். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"கண்ணு வலியா? டாக்டரைப் பாருங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. ஆனா இருபத்தாறு வருஷத்துல நீங்க பாதியில விட்டதே இல்லையே?"

"இது விட்டாத்தான் நல்லது, மேடம்."

லீவின் முதல் நாளே, பெட்டியோடு வந்த ரசீதில் இருந்த முகவரியைத் தேடிப் போனார். நில அளவையர் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். எழுபத்திரண்டு வயது, ஒரு காது மந்தம். சுவரெல்லாம் பழைய வரைபடங்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"உங்க பெரியம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

"பெரியம்மாவா? அறுபது வயசு வரைக்கும் அதே ஹாஸ்டல்லதான் இருந்தாங்க. எண்பத்தோரு வயசுலதான் போனாங்க. திடகாத்திரமான பொம்பளை."

அக்காவுக்கு மூச்சு வந்தது. "நடுவுல ஊருக்கு வந்துட்டாங்கன்னு..."

"அட, அதைப் படிச்சிட்டீங்களா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வந்தாங்க. ஒரு மாசம் செவுத்துல முதுகை ஒட்டிக்கிட்டே உக்காந்திருந்தாங்களாம். எங்கம்மா சொல்வாங்க. அப்புறம் ஒருநாள் பெட்டியைத் தூக்கிட்டு, 'பிள்ளைங்களை யார் பாக்கறது'ன்னு கிளம்பிட்டாங்களாம். நான் பெரியவனானப்புறம் கேட்டேன், அந்தப் பேய் என்ன ஆச்சு பெரியம்மான்னு. 'அது ஒருநாள் அழுதுச்சுடா, அதோட எனக்குப் பயம் போயிடுச்சு'ன்னாங்க. 'அழற பேய் யாரை என்ன பண்ணும்'னு சிரிப்பாங்க."

"எப்போ அழுதுச்சு?"

"அதெல்லாம் தெரியாதும்மா. ஏன், உங்களுக்கு எதுக்கு?"

அக்கா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அக்கா இன்னும் அழவில்லை. அப்படியானால் கடிதங்களிடம் திரும்பிப் போகப்போகிறார். படிக்கமாட்டேன் என்று அவர் சொன்னது நடக்காது என்பது எழுபது வருடத்துக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டிருந்தது.

மறுநாளே வேலைக்குப் போனார். கிராம்பு இல்லை. வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டார். பத்தொன்பதாவது கடிதத்தை எடுத்தார். விடுதிக்குத் திரும்பிய பிறகு எழுதிய முதல் கடிதம். "முனகல் இல்லை, தட்டு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. முன்பு இருந்ததே தேவலை."

அழுதால் போதும், அவளுடைய பயம் போய்விடும். ஆனால் அழுகை வரவேண்டுமே? அக்கா அழக்கூடியவர் இல்லை. ஒவ்வொரு மதியமும் முயன்று பார்த்தார். கண்ணை இறுக்கி மூடினார், சோகமானதையெல்லாம் நினைத்தார். ஒரு சொட்டு வரவில்லை. கணவரிடம் விஷயத்தைப் பாதி சொன்னபோது அவர், "வெங்காயம் கொண்டுபோ. ரெண்டா நறுக்கித் தரேன்," என்றார். அக்கா கொண்டும் போனார். கண் எரிந்ததுதான் மிச்சம். இருபத்து மூன்றாவது கடிதத்தில், "இன்று வெங்காய வாசனை. எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ தெரியவில்லை" என்று இருந்தது.

இருபத்தாறாவது கடிதம் மெலிதாக இருந்தது. விடுதியில் ஒரு பெண் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். பதினேழு வயது. காப்பாளர்தான் மூன்று நாளும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். பெண்ணின் தாய்க்கு எழுதவேண்டிய கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு, நாலாவதாக எழுதியதன் நகலைத் தங்கைக்கு அனுப்பி, "இப்படி எழுதினால் சரியாக இருக்குமா?" என்று கேட்டிருந்தாள். அதில் இப்படி இருந்தது: "அம்மா, உங்கள் மகள் கடைசியாகக் கேட்டது, துவைக்கப் போட்ட நீலச் சட்டை வந்துவிட்டதா என்பதுதான். வந்துவிட்டது, மடித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். சரி என்றாள்."

அக்காவுக்குப் பிறந்தது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஒன்பது வயதில் போய்விட்டாள். காய்ச்சல்தான். அக்கா இந்த மேசையில் உட்கார்ந்து யாருடைய கடிதத்துக்கோ ஒருவரி எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். கடைசியாகப் பிள்ளை என்ன கேட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை. காப்பகத்தில் இப்போது இருக்கும் ஒருவருக்கும் இது தெரியாது.

ஸ்கேன் எடுக்கிறவர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தபோது, அக்கா மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். அழுகை அறையை நிறைத்திருந்தது. அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

இருபத்தேழாவது கடிதத்தை அன்றே படித்தார்.

"தங்கச்சி, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு எழுதியதை உனக்காக நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அது அழுதது. தேம்பித் தேம்பி அழுதது. வேண்டுமென்று செய்கிற காரியம் இல்லை அது. பெற்றவள் அழுகிற அழுகை. இத்தனை நாள் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்ள வந்தது என்று நினைத்தேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியை மட்டும் கொஞ்சம் இழுத்துப் போட்டேன். எத்தனை நாள்தான் நின்றுகொண்டே இருப்பாள்?"

'அது' என்று எழுதிவந்தவள் கடைசி வரியில் 'அவள்' ஆக்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஏழு கடிதங்கள். அக்கா நிதானமாகப் படித்தார். பேசவில்லை, ஒளியவும் இல்லை. வந்தபோது வந்த மாதிரி முனகினார். முப்பத்து நான்காவது ஒரே பக்கம். தங்கையின் கணவருக்கு இதே ஊருக்கு மாற்றல். அடுத்த வாரம் குடும்பமே வருகிறது. இனிமேல் எழுத என்ன இருக்கிறது, நேரில் பேசலாம். அதற்குக் கீழே இடம் விட்டு, சின்ன எழுத்தில்:

"இது உனக்கு இல்லை தங்கச்சி, இங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு. நான் உங்களை அம்மா என்று கூப்பிடலாமா? கடிதம் எழுதும்போது மட்டும்தான் நீங்கள் வருகிறீர்கள். இதுதான் கடைசி. இனி எங்கே போவீர்கள்?"

அக்கா அந்தக் கேள்வியை மறுபடி படித்தார். பதில் சொன்னால் அவளுக்குக் கேட்கும் என்று தெரியும். ஆனால் எங்கே போவார் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், "வீட்டுக்குப் போவேன்மா," என்று மட்டும் சொன்னார்.

அட்டைகளில் வழக்கம்போல ஒரு வரி எழுதினார். பதினேழுக்கு மட்டும் "முடிவு பெறாதது" என்று போட்டார். ஸ்கேன் எடுக்கிறவர் எல்லாக் கடிதங்களையும் இரண்டு முறை படித்துவிட்டு வந்தார். "எதுலயும் வெளிச்சம் பளிச்சுனு அடிச்சதா எழுதல, அக்கா. அப்போ நான் போட்டோ எடுக்கவே இல்லேன்னுதானே அர்த்தம்?" அக்கா மறுபடி நில அளவையர் வீட்டுக்குப் போய், கடிதங்களை இனி யாருக்கும் காட்டக்கூடாது என்று ஒரு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டார். அவர் காரணம் கேட்டார். "அவங்க முதுகுக்குப் பின்னாடி கூட்டம் சேர வேண்டாம்," என்றார் அக்கா. அவர் மேசையைத் திறந்து பேனாவை எடுத்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுத்தவரே கேட்டதால் பொறுப்பாளரும் பெட்டியை ஒட்டி முத்திரையிட்டு வைத்தார்.

அக்கா அதற்குப் பின்னும் ஏழு வருடம் அதே அறையில் வேலை பார்த்தார். வேறு எந்தப் பெட்டியிலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஓய்வு பெற்ற வாரத்தில், வீட்டுப் பரணிலிருந்து தன் கையெழுத்தில் இருந்ததையெல்லாம் இறக்கினார். கல்யாணமான புதிதில் கணவருக்கு எழுதியவை, மகளின் பிரசவத்தின்போது எழுதியவை, ஒரு பழைய நாட்குறிப்பு. எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, கையாலேயே கரைத்தார்.

மகளுக்கு இது தெரிந்தபோது போனில் அழாத குறை. "ஏம்மா, எனக்காவது வெச்சிருக்கலாமே? உன் கையெழுத்துன்னு ஒண்ணுகூட இல்லையே என்கிட்ட!"

"எழுதறப்ப நான் தனியா இருந்தேன்னு நினைச்சுட்டிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்டி."

மகளுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு வயசாகிறது என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னாள். "உங்கம்மா ரெண்டு வரி பேசியிருக்காளே, அதைச் சொல்லு," என்றார் அவர்.

இப்போது மதிய நேரங்களில் அக்கா சாவிக் கடையில் இருக்கிறார். வருகிறவர்கள் பேரையும் எந்தப் பூட்டுக்கான சாவி என்பதையும் கணவர்தான் எழுதி வைக்கிறார். அக்கா சாவிகளை வாங்கி, வெளிச்சத்தில் பல்லைப் பார்த்து, ஆணியில் மாட்டுகிறார்.